நாலாவது கொன்ட்ரோலர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
பகடை உருட்டி நாலு பேர் ஆடும் ஆட்டங்களில்
கடைசியாக வருபவருக்குக் காரணமே இல்லாமல்
ஒரு கிரீடம் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன்.

கேமிந்த எதிர்க்கிறான்.
நாற்பது நிமிடம் கணக்குப் பார்த்து அவன் சேர்த்த வெற்றியை
‘அதிக தடவை விழுந்தவர்’ என்று பெயர் வாசித்து
றிஸ்மியாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாம்.
அநியாயம் என்கிறான், மூன்று மொழியிலும்.
அவன் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்பவன்.
விழுந்தவருக்குக் காசு கொடுக்காமலிருக்கப்
பயிற்சி எடுத்தவன்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்று,
ஐந்தாம் மாடி, மனம் வைத்தால் வரும் லிஃப்ட்.
கொன்சோல், பம்பலப்பிட்டியில் பாவித்த சாமானாக வாங்கியது.
முந்தின சொந்தக்காரியின் பெயர் இன்னும் உள்ளே இருக்கிறது:
டிலுக்ஷி 07.
அவளுடைய நேரத்தை எங்களில் ஒருவரும் முந்தவில்லை.

கொன்ட்ரோலர் நாலு. மூன்று ஒழுங்கானவை.
நாலாவதின் குச்சி யாரும் தொடாமலே
இடப்பக்கம் இழுக்கும்.
பிந்தி வருபவருக்கு அதுதான்.
வெள்ளிக்கிழமை கோட்டையிலிருந்து
நெரிசல் ரயிலில் வரும் எனக்கு
எப்போதும் அதுதான்.
ஆகவே என் கருத்துகள் கொஞ்சம் இடதுசாரி.
குச்சியின் குற்றம்.

பாய்ந்து பாய்ந்து போகும் ஆட்டங்கள்
பகடையைவிட நேர்மையானவை என்பான் அனுலக்ஸன்.
பள்ளம் என்றால் பள்ளம், யாருக்கும் சலுகை இல்லை.
சரி.
ஆனால் நாலு பேர் ஒரே திரையில் ஓடும்போது
முன்னால் ஓடுபவன் திரையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறான்.
பின்னால் நிற்பவள் பள்ளத்தில் விழுந்து சாவதில்லை,
படத்தின் விளிம்பு தள்ளிச் சாகிறாள்.
இதை அவனிடம் சொல்லியிருக்கிறேன்.
ஓடிக்கொண்டே கேட்டான்.

சாகாமலிருக்கப் பொத்தான் ஒன்று உண்டு.
அமத்தினால் குமிழியாகிவிடலாம்,
மற்றவர் தொட்டு உடைக்கும் வரை
மிதந்துகொண்டு வரலாம்.
முதல் மாதம் அதை அவமானமென்று நினைத்தேன்.
ரோசத்தில் பதினேழு உயிரை
ஒரே தொங்குபாலத்தில் செலவழித்தேன்.

காலையில் ஸ்டேஷனில் அந்தப் பொத்தான் இல்லை.
ரயில் படிக்கும் பிளாட்போமுக்கும் இடையில்
ஒரு கறுப்பு வெளி, கீழே கல், எண்ணெய், யோகட் கோப்பை.
சாப்பாட்டுப் பையோடு நான் தயங்கினால்
கம்பியில் தொங்கும் ஒருவர் கை நீட்டுவார்.
“என்ன, என்ன” என்பார்.
சிங்களத்தில் அது வாருங்கள்.
தமிழில் அது கேள்வி.
இரண்டுக்கும் சேர்த்துப் பாய்ந்துவிடுவேன்.

போன வெள்ளி, காற்றடிக்கும் கட்டம்.
வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் காற்று.
டிலுக்ஷியின் நேரத்துக்கு இன்னும் இருபது விநாடி மிச்சம்.
பாறை விளிம்பில் நாலு பேரும் நின்ற இடத்தில்
மாலு பாண் வந்தது.
மூன்று பேரும் ஒரு கையை எடுத்தார்கள்.
மூன்று பேரும் பறந்தார்கள்.

நானும்தான் எடுத்தேன்.
என் பொம்மை அசையவில்லை.
காற்று வலத்தே தள்ள, குச்சி இடத்தே இழுக்க,
அது பாட்டுக்கு நின்றது.
தலைக்கு மேல் மூன்று குமிழிகள்.
“உடை! உடை!” என்று மூன்று வாய், பாண் துகள்.

நான் உடனே உடைக்கவில்லை.
திரை முதல்தரம் ஓரிடத்தில் நின்றிருந்தது.
தூரத்தில் ஒரு சின்ன வீடு வரைந்திருந்தார்கள்.
கொடியில் சட்டைகள், அதே காற்றில்,
ஒன்றுக்குப் பொத்தான்கூட வைத்திருந்தார்கள்.
யாரும் அங்கே போக முடியாது. வழி இல்லை.
சம்பளத்துக்கு வரைந்த யாரோ
வேலை முடிந்தபிறகும் கொஞ்சநேரம் இருந்திருக்க வேண்டும்.

இருபது விநாடி போய்விட்டது.
டிலுக்ஷி 07 அப்படியே இருக்கிறாள்.

நாலாவதைத் திருத்தக் கொடுக்க வேண்டுமென்று
அன்றிரவே வாக்கெடுப்பு வைத்தார்கள்.
மூன்றுக்கு ஒன்று. தோற்றேன்.
தோற்றவருக்கு ஏதும் கிரீடம் உண்டா என்று கேட்டேன்.
கேமிந்த யோசித்துவிட்டு
கடைசி மாலு பாணை என் பக்கம் தள்ளினான்.
பாதி கடித்தது.