நிகர எடை

ஜூன் பாதியில் மதியத் தடை தொடங்கும்.
பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை
வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது.
கிரஷர் ஓயும். லாரிகள் நிழல் தேடி ஒண்டும்.
அந்த இரண்டரை மணி நேரம்தான்
எனக்கு ஓவியப் பள்ளி.

ராஸ் அல் கைமா, கோர் குவேர்.
எடை மேடைக் கண்டெய்னரின் சன்னலில்
மலை முக்கால்வாசி அடங்கும்.
மீதிக்கு எழுந்து நிற்க வேண்டும்.

ஜூலையில்
தாளை வெளியே எடுத்துப்போனால்
தூரிகை ஓரம் சேருமுன் வானம் காய்ந்துவிடும்:
பாதி வானம், நடுவே ஒரு கறை,
அப்புறம் இன்னொரு வானம்.

ஆகஸ்டில் நேர்மாறு.
கடல் எழுந்துவந்து காற்றில் உட்கார்ந்துகொள்ளும்.
தாள் அப்பளமாய் நமத்துப்போகும்.
காலையில் வைத்த பழுப்பு
சாயங்காலமும் விரலில் ஒட்டும்.
ஏசி சொட்டும் நீரை நெஸ்கஃபே டின்னில் பிடித்து
அதில்தான் வண்ணம் கரைக்கிறேன்,
உப்பை மட்டும் கரையில் விட்டுவந்த கடல்.

அப்போது மலைக்கு நிறமே கிடையாது.
வானத்தைவிட ஒரு மூச்சு கனத்த சாம்பல்,
அவ்வளவுதான்.
அதைப் பிடிக்க எனக்கு நாலு கோடை ஆயிற்று.
மூன்றில் வண்ணத்தைக் கூட்டிக்கூட்டிக் கெடுத்தேன்.

ஆகஸ்ட் முடியும்போது ஒரு விடியலுக்கு முன்
கேட்டில் நிற்கும் ராஷித் கூப்பிட்டுக் காட்டினார்,
தெற்கே, தாழ, ஒற்றை வெள்ளி.
"சுஹைல் வந்துவிட்டது. இனி இரவு தணியும்."
எங்களுக்கு அவன் அகத்தியன் என்று நான் சொல்லவில்லை.
விந்தியத்தைக் குனியவைத்துத் தெற்கே போனவன்.
நான் திரும்பும்வரை நிமிராதே என்று
மலையிடம் வாயால் சொன்னவன்.
அன்றிரவு என் ஷிஃப்டில் எடை போட்டது
நானூற்றுப் பன்னிரண்டு லாரி.

அக்டோபரில் மூட்டம் விலகி
மடிப்பு மடிப்பாக நிழல் திரும்பும்.
நீலத்தைத் தைரியமாகத் தொடலாம்.
போன வருட அக்டோபரைப் பக்கத்தில் வைத்து வரைந்தேன்.
அதில் இடது முகட்டில் ஒரு பல் இருக்கிறது.
சன்னலில் இல்லை.
முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன்.
பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
பல் அதில் இருந்தது,
என் கையெழுத்தில்,
நிகர எடைப் பத்தியில், பக்கம் பக்கமாக.

பூங்கோதை போனில் கேட்டாள்:
"எப்பப் பாத்தாலும் அதே மலையா?
வேற ஒண்ணும் இல்லையா அங்க?"
"அதே மலை இல்ல" என்றேன்.
கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஜனவரியில் இரண்டு நாள் மழை.
வாதி பெருகிச் சாலையை அறுத்தது.
நனைந்த பாறை கத்தரிக்காய்த் தோலின் நிறம்.
டயரில் உட்கார்ந்து டீ குடித்த குல் வாலி
மலையோடு சேர்த்துத் தன்னை வரையச் சொன்னார்.
அவர் தோள் சரியாக
அந்தப் பல் இருந்த இடத்தை மறைத்தது.
வேண்டுமென்றே செய்தேனா தெரியவில்லை.
படத்தைப் பெஷாவருக்கு அனுப்பிவிட்டார்.
பின்வந்த பத்து நாள் சரிவில் ஒரு பச்சை,
ரொட்டியில் பூக்கும் பூசணம்போல.
நான் வாங்கிய ஒரே பச்சை ட்யூப்
ஆறு வருடமாகியும் தீரவில்லை.

மார்ச்சில் ஷமால்.
மூடவே முடியாத சன்னல் இடுக்கு வழியே
ஈரத் தாளில் தூசி வந்து படியும்.
வழக்கமாக ஊதிவிடுவேன்.
இந்த முறை விட்டுவிட்டேன்.
சுண்ணாம்புத் தூள்; வெள்ளையாக, மெல்லியதாக,
நான் வெறுமையாக விட்டிருந்த முகட்டோரம்
தானே வந்து உட்கார்ந்தது.

காய்ந்ததும் எடுத்துப்போய்
மேடை நடுவில் வைத்தேன்.
திரை பூஜ்யம் காட்டியது.
இருபது கிலோவுக்குக் கீழே
அதற்கு எதுவும் தெரியாது.

பின்னால் குல் வாலி ஹாரன் அடித்தார்.