எண்பத்தெட்டாவது நிமிடத்துச் சட்டை

திங்கட்கிழமை
நான் லீவு போட்டிருக்க வேண்டும்.
தண்ணீர் மானி வாசிக்கிற உத்தியோகம்,
அன்றைக்குச் சாய்ந்தமருது முறை.

ஞாயிறு பின்னேரம் கோட்டோரம் கொடியோடு நின்றவன் நான்.
ரெண்டு கல்லூரிக்கும் இறுதிப்போட்டி, ஒன்றுக்கு ஒன்று.
நுஸ்கி இடங்காலால் அடித்தது
கம்பத்தின் உட்பக்கம் பட்டு உள்ளே போனது.
பொடியன் மூலைக்கொடியைப் பார்த்து ஓடினான்.
ஓட்டத்திலேயே சட்டையைக் கழற்றி
தலைக்கு மேலே மூன்று சுற்று.
ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான்,
பந்தைத் தூக்கி எறிந்ததற்கு.

இன்பராசா சேர் காணவில்லை.
விழுந்து கிடந்த கீப்பரை எழுப்பிக்கொண்டிருந்தார்.
நான் கண்டேன்.
கண்டதைச் சொன்னேன்.

பத்துப் பேரோடு மிச்ச நேரம்.
தொண்ணூற்றிரண்டில் சமன்.
பெனால்டியில் நாலுக்கு மூன்று.
கிண்ணம் பஸ்ஸேறிக் கல்லாற்றுக்குப் போனது.

முதல் வீடு.
குனிந்து மானியின் மூடியைத் திறக்கிறேன்.
"கண் நல்லாத் தெரியுது போல" என்கிறார் வீட்டுக்காரர்,
"இவ்வளவு சின்ன இலக்கமெல்லாம்."

றிஸ்மியா டீச்சர் கேற்றைப் பாதி திறந்து வைத்துப் பேசினா.
"விதி விதிதான் தம்பி.
மணியடிச்சா பேனைய வைக்கத்தான் வேணும்."
நான் நன்றி சொல்லிக் கிறுகப் போக,
"ஆனா" என்றா,
"ஒரு புள்ள கடைசி வசனத்த முடிக்குமட்டும்
நான் யன்னலப் பார்த்துக்கு நிண்டிருக்கன்."

சலூன் வாசலில் ஜுனைதீன் காக்கா, கையில் கத்தரிக்கோல்.
"நெஞ்சில என்னத்த எழுதியிருந்தான்?"
கதிரையில் சவர்க்கார நுரையோடு இருந்தவர்
பெட்டையொன்றின் பேர் என்றார்.
பேப்பர் வாசித்தவர், கட்சிச் சின்னம் என்றார்.
ஒன்றுமே இல்லை காக்கா.
விலா எலும்பு தெரிந்தது.
தோளில் தேமலுக்குப் பூசின மருந்து, வெள்ளையாய்.
அவர்கள் அதை நம்பவில்லை.
ஒன்றும் எழுதாமல் ஒருத்தன் ஏன் கழற்றுவான்?

மீன் வாடியில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:
"ஒங்கட ஆக்கள் வெண்டிற்றாங்க, சந்தோசம்தானே?"
நானும் சிரித்தேன்.
இலக்கத்தைப் பிழையாக எழுதி, வெட்டி,
திருப்பி எழுதினேன்.

டிலுக்சன் மணலில் முகம் குப்புறக் கிடந்தானே,
அவனுக்கு முன்னால் ஆடாதே என்பதற்குத்தானே இந்த விதி?
அடுத்த வீட்டுப் பிள்ளை பெயிலென்றால்
நம் வீட்டில் வெடி கொளுத்துவதில்லையே?
இப்படி எனக்குள் வழக்காடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன்.
ஆனால் நுஸ்கி அவன் பக்கம் போகவேயில்லை.
அவன் ஓடிய மூலையில் நின்றது
ஒரு சர்பத் வண்டி, ஓர் ஆடு.

கடைசி ஒழுங்கையில் கடைசி வீடு.
குழாயடியில் அவன்,
அதே சட்டையைத் தோய்த்துக்கொண்டு.
உம்மா எட்டிப் பார்த்தா, என்னைக் கண்டா,
உள்ளே போனா. தேத்தண்ணி வரவில்லை.

"சேர், தூக்கவே கூடாதா?"

தூக்கலாம் என்றேன்.
தலையைத் தாண்டக் கூடாது.
தலையை மூடவும் கூடாது.

ஈரச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.
கீழ் விளிம்பைப் பிடித்து மெல்ல உயர்த்தினான்:
தொப்புள், நெஞ்சு, கழுத்து,
நாடியடியில் நிறுத்தினான்.
"இவ்வளவா?"

இவ்வளவுதான்.

அப்படியே நின்றான், தண்ணீர் சொட்டச் சொட்ட.
"இதுக்குள்ள எப்பிடி சேர் நிப்பாட்டுற,
அந்த நேரத்துல?"

குழாயை அவன் பூட்டவில்லை.
வாளி நிரம்பி, சீமெந்தில் வழிந்து,
வாழையடிக்குப் போய்க்கொண்டிருந்தது.
மானியில் சிவப்பு முள் சுற்றிக்கொண்டே இருந்தது.
நிற்கட்டும், மறுகா எழுதுவோம் என்று
பேனையைத் திறந்தபடி
நானும் நின்றேன்.