ஏழாம் குழி

காரைக்குடிக்குத் தெற்கே
முள்வேலிக்குள் கிடக்கும் ஏழாம் குழியில்
இப்போது முழங்கால் தண்ணீர், ஆம்பல்.

பழைய பேரேடு சொல்கிறது:
படிகம் பதினோரு சேர்.
கூலி நாலணா.
மண் சரிந்து உள்ளேயே தங்கிவிட்ட உடையாண்டி
பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.

அவர் பேத்தி நான்.
வனத்துறைக் காக்கியில் நின்று
காரில் வந்தவர்களிடம்
பையைக் கொட்டச் சொல்கிறேன்.
ஒரு பொடிக்கல்கூட வெளியே போகக் கூடாது.
சட்டம் அப்படி.

ராத்திரி ரோந்தில் டார்ச் அடித்தால்
சுவரெல்லாம் வெங்கச்சங்கல் மினுங்கும்.
நேற்று அதில் இரண்டு மட்டும்
இமைத்தன.

மரநாய்தான்.
மரநாய் என்றே பதிவேட்டில் எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.

எழுதிவிட்டு
அடியில் கோடு போடாமல்
ஒரு வரி
இடம் விட்டேன்.