கூண்டு பார்க்கப் போனோம்

மச்சான் கொடைக்கானலில் ரூம் போட்டுவிட்டார்.
ஸ்வெட்டர்கூட இரண்டு வந்துவிட்டன,
பச்சை ஒன்று,
எனக்குத் தோளில் ஏறாத நீலம் ஒன்று.
கல்யாணமாகி ஒன்பதாம் நாள்
கோகிலவாணி என்னிடம் முதன்முதலாக ஒன்று கேட்டாள்:
"கடலூர் போகலாமா?"

அங்கே யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை.
வேண்டுதலா?
இல்லை.
"வருஷா வருஷம் நியூஸ்ல சொல்றாங்கல்ல,
கடலூர் துறைமுகத்தில்
மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்னு.
அந்தக் கூண்டைப் பாக்கணும்."

ஊத்தங்கரையில் வளர்ந்தவள்,
நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று
டிவி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து
அந்த வரியை மனப்பாடம் செய்தவள்.
கூண்டுக்குள் ஒரு பறவை இருக்கும்,
காற்று வந்தால் கத்தும் என்று
ஏழாம் வகுப்பு வரை நம்பினாளாம்.
எண் கூடக்கூடப் பறவை பெரிசு.
பத்துக்கு மயில்.

பால் சொசைட்டியில் சிரித்தார்கள்.
"எல்லாரும் தானா கூண்டுல மாட்டுவான்,
நீ டிக்கெட் எடுத்துல்ல போற."
மச்சான் ஒரு வாரம் பேசவில்லை.
உண்மையைச் சொன்னால்,
விழுப்புரத்தில் பஸ் மாறும்போது
நானும் கொஞ்சம் மலையை நினைத்தேன்.

திருப்பாப்புலியூரில் லாட்ஜ்.
ஃபேனை நாலில் வைத்தால்
ஜன்னலும் சேர்ந்து ஆடியது.
"முகூர்த்தத்துக்கு வந்தீங்களா?" என்றான் அறைப் பையன்.
"முடிஞ்சு வந்தோம்" என்றாள்.

மறுநாள் காலை, ஓல்டு டவுன்.
ஐஸ் உடைக்கும் சத்தம், மீன் வாடை,
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
பெயர் தெரியாத இன்னொரு வாடை.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.
மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சிரித்தது.

மாசி மாதம்.
உப்பனாற்றில் ஒரு சுருக்கம் இல்லை.
கொடிமரம் மொட்டையாக நின்றது,
உச்சியில் ஒரு காக்கா,
எண் இல்லாமல்.

அலுவலகத்தில் தணிகாசலம் என்றொருவர்.
எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.
சொன்னோம்.
மறுபடியும் கேட்டார்.
பிறகு சாவியைத் தேடினார்.

கொட்டகைக்குள்
ஒரு கூம்பு, ஒரு உருளை,
கம்பிச் சட்டத்தில் கறுப்புத் துணி,
சுவரோரம் ராத்திரிக்கான விளக்குகள்.
இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது.
அவள் குத்தவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.
ஒரு டீ கிளாஸ்,
வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.

"ஒரே ஒரு தடவை ஏத்திக் காட்டுவீங்களா?"
தணிகாசலம் கோபப்படவில்லை.
"ஏத்தலாம்மா.
கரையில பாத்தவன் ஃபோன் போடுவான்,
உள்ள போன போட்டெல்லாம்
வலையைப் பாதியில சுருட்டிட்டுத் திரும்பிடும்.
டீசல் காசு யாரு குடுக்கிறது?"

வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை.
நெத்திலி வறுவல் வாங்கித் தந்தேன்.
ஆறு விட்டது.
"ஒரு கூடை" என்றாள்,
என்னிடமல்ல, அந்த மொட்டை மரத்திடம்.
"அதைத் தூக்கினா
அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துடறாங்க."

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாள்
யாராச்சும் ஏத்தியிருக்கலாம்" என்றேன்.
தோளில் ஓங்கி ஓர் அடி.
பகல் வெளிச்சத்தில், மீன்காரர்கள் பார்க்க,
அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்.

இப்போது ஐப்பசி.
ஊத்தங்கரையில் தூறல்கூட இல்லை.
நான் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன்.
டிவியில் வங்கக் கடல், பிறகு
கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண்.
"நம்ம கூண்டு!" என்று கத்துகிறாள்.
"தணிகாசலம் செருப்பை எடுத்துட்டுத்தான் ஏத்தியிருப்பாரா?"

வாளியைப் பாதியில் வைத்துவிட்டு
உள்ளே போகிறேன்.