ஐந்தாம் நாளின் குமிழி

மயக்கத்துக்கு முன் அவர் கேட்டார்:
“தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பீர்களா?”

ஜீலாங் கார் ஆலையில்
இருபத்தாறு வருஷம்
ரேடியேட்டர்களைத் தொட்டியில் அமிழ்த்திக்
குமிழி பார்த்தவர் ஸ்வொன்கோ.
வந்தால் திருப்பி அனுப்பு.
வராவிட்டால் வண்டியில் ஏற்று.

பார்ப்போம் என்றேன்.
அடிவயிற்றில் தண்ணீர் நிரப்பி
ஆசனவாய் வழியே காற்றடித்து
நாங்களும் அதையேதான் செய்கிறோம்.
சிரித்தார்.
சிரிப்பு முடியுமுன் உறங்கிப்போனார்.

நான் சொல்லாமல் விட்டது:
குடல் ரேடியேட்டர் இல்லை.
இன்று ஒழுகாத இணைப்பு
ஐந்தாம் நாள் ஒழுகும்.
முதலில் காய்ச்சலாக வரும்,
பிறகு விடிகாலை மூன்று மணிக்கு
யாரோ என்னை எழுப்பும் தொலைபேசியாக.

அதற்காகத்தான் இந்தக் குப்பி.
அடியில் ஒட்டிக் கிடக்கும் கரும்பச்சைத் தூள்.
உப்புநீர் ஆகாது, வெறும் நீரில்தான் கரைக்க வேண்டும்.
ஒவ்வொரு முறையும்
கையில் தூள் கரைய
என் வயிற்றில் புளி கரையும்.

கட்டியை விடுவித்தாயிற்று.
மேல்குடலில் வெட்டும் இடத்தைக்
குறித்துவிட்டாள் பிலிப்பா.
எல்லோர் கண்ணுக்கும் இளஞ்சிவப்புதான்.
விளக்குகளை அணைக்கச் சொன்னாள்.
நான் செலுத்தினேன்: மூன்று மில்லி,
பின்னாலேயே அதைத் தள்ளிவிட உப்புநீர்.

முதலில் பொய் சொல்வது என் திரை.
விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன்
தொண்ணூற்றொன்பதிலிருந்து தொண்ணூற்று மூன்று.
சாயம் கருவியின் ஒளியைக் குடித்துவிட்டதே தவிர
அவர் மூச்சுக்கு ஒன்றுமில்லை.
முதல் வருஷம் பதறியிருக்கிறேன்.
இப்போது கைகட்டி நிற்கிறேன்,
எண் தானாக ஏறிவரும் வரை.

பதினெட்டு. இருபத்திரண்டு.
முப்பதாவது விநாடி
இருட்டுத் திரையில் பச்சை,
பெரிய நாளத்தில், கிளைகளில்,
குடலின் தோல் முழுக்க ஊறி ஊறி வந்து
கடைமடைக்கு எட்டாத தண்ணீர்போல்
குறித்த இடத்துக்கு நாலு சென்டிமீட்டர் முன்பே
நின்றுவிட்டது.

அந்தப் பச்சையும் மெய்யில்லை.
சிவப்புக்கும் அப்பால் கிடக்கும் ஒளி அது;
நம் கண்ணுக்காக இயந்திரம் பூசிய நிறம்.
பச்சைப் பொய் என்று
எங்கள் மொழியில் யார் முதலில் சொன்னார்களோ.
நிறம்தான் பொய்.
நின்ற இடம் பொய்யில்லை.

நாற்பது. ஐம்பது.
நகரவில்லை.
பிலிப்பா பழைய குறியை அழிக்கவில்லை,
அதற்கு மேலே இன்னொன்று போட்டாள்.

விளக்கு. வெட்டு. ஸ்டேப்ளர்.
தண்ணீர், காற்று.
குமிழி இல்லை.

ஜூனில் ஒருவர் இருந்தார்,
கோலாக்கிலிருந்து வந்த பள்ளி நூலகர்.
நுனிவரை பளீரென்று பச்சை.
நாங்கள் எல்லோரும் ஆகா என்றோம்.
ஆறாம் நாள் ஒழுகியது.
வயிற்றில் பை மாட்டிக்கொண்டு
மறுபடி வேலைக்குப் போவதாகக் கேள்வி.
எனவே இந்த ஒளியின் தலையில் அடித்து
நான் சத்தியம் செய்வதில்லை.

ஐந்தாம் நாள்
அந்த வார்டில் எனக்கு வேலையே இல்லை.
போனேன்.
ஜன்னலில் கோரியோ விரிகுடா,
எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் சின்னத் தீ.
ஸ்வொன்கோ ஜெல்லி தின்றுகொண்டிருந்தார்,
எலுமிச்சைப் பச்சை ஜெல்லி.
காய்ச்சல் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது.
ரத்தத்தில் அழற்சியின் எண் இறங்குமுகம்.

“குமிழி?”
வரவில்லை.
“அந்தத் துண்டை விட்டிருந்தால்
வந்திருக்குமா?”

நாலு சென்டிமீட்டர்
பார்மலினில் போய் அறிக்கையாகத் திரும்பியிருந்தது:
புற்று இல்லை. வேறு குறிப்பு இல்லை.
அதனிடம் கேட்க முடியாது.
தெரியாது என்றேன்.
தெரியாது என்பதை இவ்வளவு நிம்மதியோடு
நான் சொன்னதில்லை.

கிண்ணத்தை வழித்தார்.
“திருப்பி அனுப்பியதெல்லாம்
எந்த ரோட்டில் நின்றுபோயிருக்கும் என்று
எங்களுக்கும் தெரியாது.”

இன்னொரு ஜெல்லி கிடைக்குமா என்று
மணியை அழுத்தினார்.