துயிலியோ

துயிலியோ காஸொன்.
என் மொழியில் அந்தப் பெயருக்குள் தூக்கம் இருக்கிறது,
அவன் மொழியில் இல்லை.
அவனுக்கும் அது வாய்க்கவில்லை.

போ என்று பெயருள்ள ஆறு
போக மனமில்லாமல் கிளை கிளையாய்ப் பிரியும் கழிமுகம்.
அங்கே மலை என்றால்
வெள்ளத்துக்கு அஞ்சிப் போட்ட கரைதான்,
ஏறினால் எட்டு மீட்டர்.
அதற்குமேல் மூடுபனி, கொக்கு, வானம்.

பதினான்கு வயதில் அவன் வேலை
கோமாக்கியோவிலிருந்து விலாங்கு கொண்டுபோவது.
சைக்கிளின் பின்னால் இரண்டு கூடை, ஈரச் சாக்கு,
உள்ளே உயிரோடு நாற்பது கிலோ.
பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்,
அவனுக்கு எடை மட்டும்.
அரிசி மூட்டை வைத்த இடத்தில் உட்காரும்.
விலாங்கு அப்படியல்ல,
நீ இடப்பக்கம் சாய்ந்தால் அது வலப்பக்கம் நினைக்கும்.
பிற்பாடு நிருபர்கள் கேட்டார்கள்,
இறக்கத்தில் உங்கள் சக்கரம் எப்படி வழுக்குவதில்லை?
வழுக்கும், என்றான்.
நானும் கூடவே போவேன்.

முதல் மூன்று வருடம் அவன் பெயர் தாளில் வரவில்லை.
தலைவனுக்குத் தண்ணீர் எடுப்பவன்.
ஊற்றுக்கு ஊற்று இறங்கி
ஆறு புட்டிகளை முதுகில் செருகி
மூச்சு பிய்யக் கூட்டத்தை எட்டிப் பிடித்தால்
ஸவீனோ குவால்யா இரண்டு மடக்கு குடிப்பான்,
மிச்சத்தைத் தன் கழுத்தில் ஊற்றிக்கொள்வான்.
நன்றி சொல்லும் வழக்கம் அந்த அணியில் இல்லை.

நான்காம் வருடம் வேறு அணி, வேறு நிறச் சட்டை.
ஜூனில் பனி பெய்த ஒரு கணவாய்,
முப்பத்தேழு கொண்டை ஊசி வளைவுகள்.
மலையே பார்க்காதவன் மலையை
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய ஆற்றங்கரைகள் என்று எண்ணினான்.
எட்டு மீட்டர்.
இன்னொரு எட்டு மீட்டர்.
உச்சியில் யாரோ ஒருத்தி செய்தித்தாளை நீட்டினாள்.
குளிருக்குச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு
தனியாக இறங்கினான்.

அன்றிரவு விடுதிக் குளியலறை.
வியர்வையில் ஊறிய அச்சுமை மார்பில் ஒட்டியிருந்தது.
தாளில் நேராக இருந்தது
தோலில் இடம் வலம் மாறி
கண்ணாடியில் மறுபடி நேராகி:
குவால்யாவை யார் வெல்வது?
சோப்புப் போட்டான். மூன்று நாள் போகவில்லை.

வென்றான்.
மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குப் பிறகு
பதினொரு நொடியில்.
இரண்டு தும்மல், ஒரு கால்வாரை இறுக்கும் நேரம்.

அதற்குப் பிறகுதான் தூக்கம் முற்றிலும் போனது.
எர்சீலியா சொன்னாள்:
கட்டிலிலும் மிதித்துக்கொண்டே இருப்பார்,
விடியும்போது போர்வை தரையில் கிடக்கும்.
சாம்பியனோடு படுப்பது எப்படி இருக்கிறது என்று
ஊரில் பெண்கள் கேட்டார்கள்,
குளிராக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்ததில் கவிதை குறைவு.
முழங்கால்.
பத்தாவது இடம், பிறகு நாற்பதாவது.
மாத்திரைகள். அதைப் பற்றி அவன் பேசவில்லை,
நானும் எழுதவில்லை, இந்த வரியைத் தவிர.
மைத்துனனோடு போட்ட சலவைக்கடை
சேமிப்பைச் சுத்தமாக வெளுத்துக் கொடுத்தது.

எழுபத்தொன்றில், பாதுவாவுக்குத் தெற்கே
நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் இரவுப் பணி.
தூங்காதவனுக்கென்றே செய்த வேலை என்பான்.
கை நீளும், காசு விழும், தடைக்கம்பு உயரும்.
கொடுப்பவர்கள் முகம் பார்ப்பதில்லை.

நவம்பர். சாம்பல் நிற லான்சியா ஒன்று
பனியிலிருந்து வந்து நின்றது.
ஜன்னல் இறங்கியபோது
முதலில் தெரிந்தது கழுத்து,
தண்ணீர் வழிய அவன் ஆயிரம் முறை பார்த்த கழுத்து.
எவ்வளவு, என்றான் குவால்யா, நேரே பார்த்தபடி.
துயிலியோவின் நாக்கு நுனியில் பதினொன்று இருந்தது.
முந்நூறு லிரா, என்றான்.
ஐந்நூறு வாங்கி இருநூறு திருப்பினான்.
நன்றி, என்றான் குவால்யா.

தடையைத் தூக்கும் பொத்தானில் விரல் வைத்து
துயிலியோ கொஞ்சம் தாமதித்தான்.
எத்தனை நொடி என்று எண்ணவில்லை என்கிறான்.
நான் நம்பவில்லை.