நல்ல ராத்திரிகள்

மூன்று நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்தாராம்.
திருகாணியைக் கழற்றினேன்,
இரண்டு அரிசி உதிர்ந்தது.
"இது போனுக்கே கேக்காது" என்றேன்.
செலஸ்டினா சிரிக்கவில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த லேப்டாப்
தம்பி ரெமிஜியூசுடையது.
தம்பி அக்கரைச் சிறையில். நாற்பத்து மூன்றாம் நாள்.
அவன் எப்போதும் நம்ம பக்கம்தான் தொழில் பார்ப்பான் என்று
காட்ட ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று
வக்கீல் கேட்டிருக்கிறார்.
போய்வந்த தடமெல்லாம் ஜிபிஎஸ்ஸிலிருந்து
இதற்குள் ஏற்றி வைப்பானாம்,
மூன்று வருஷமாக, ஒரு நாள் விடாமல்.

பாம்பனில் எந்த இரும்பும் தனியாக இல்லை,
உப்பு கூடவே குடியிருக்கும்.
டிஸ்க்கின் அடிவயிற்றுப் பலகையைப் புரட்டினேன்.
தொடுபுள்ளிகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன.
மகளின் பென்சில் டப்பாவிலிருந்து
அழிரப்பர் எடுத்துத் தேய்த்தேன்.
எழுதினதைத் திரும்ப வாங்க
என்னிடம் இருக்கிற முதல் கருவி அதுதான்.

கரண்ட் கொடுத்தால்
டிக். டிக்.
நின்று, மறுபடி
டிக்.
இன்னொரு தரம் தேய்த்தேன்.
இன்னொரு தரம்.
நாலாவதில் அது தன் பேரை ஞாபகப்படுத்திக்கொண்டது.

அவசரப்படக் கூடாது.
முதல் சுற்றில் தானாக வருவதை அள்ளிக்கொள்ள வேண்டும்,
அடம்பிடிக்கிற இடத்தைச் சண்டை போடாமல் தாண்ட வேண்டும்,
பிறகு பின்பக்கமாக வந்து கேட்க வேண்டும்,
கடன் கொடுத்தவன் கொல்லை வழியாக வருகிற மாதிரி.
ரயில் நேரங்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.
பாலத்தில் சத்தம் கேட்டதும்
இரண்டு கையாலும் மேசையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.
அது போகிற வரை மூச்சுகூட மெதுவாகத்தான்.

ஐந்தாம் நாள் வந்துவிட்டது.
பேர் எதுவும் மிஞ்சவில்லை, வெறும் எண்கள்.
திறந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படத்தில் போட்டேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு ராத்திரி.
திங்கள், புதன், சனி.
திங்கள், புதன், சனி.

கடலில் கோடு ஏது என்று எல்லாரும் பேசுவார்கள்.
என் திரையில் இருக்கிறது. சிவப்பு.
அதன் மேல் ரெமிஜியூஸ்
குழந்தை கிறுக்கின மாதிரி
கிறுக்கி வைத்திருந்தான்.
கோடே தெரியவில்லை.

குறித்து வைத்த இடங்களில் மட்டும் பேர் தப்பியிருந்தது.
கணவாய் ரெண்டு.
மடி கிழிஞ்ச பாறை.
ஓடு ஓடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம், வெகுதூரத்தில், ஒரு புள்ளிக்கு
அக்கா வளையல் என்று பேர்.

செலஸ்டினா நெடுநேரம் பார்த்தார்.
பிறகு தன் வலது கையைப் பார்த்தார்.
"அன்னைக்கு எறால் ஒன்றரை டன்" என்றார்,
என்னிடம் சொல்வது போல இல்லை.

"இந்தப் பக்கமே நின்ன ராத்திரி எத்தனை?"

எண்ணினேன். பதினாலு.
அதிலும் மூன்று, இஞ்சின் பழுதாகி
பாதியில் திரும்பியவை.

"மத்ததெல்லாம் கெட்டுப்போச்சு,
எடுக்க முடியலன்னு எழுதித் தருவீங்களா?"

நான் எழுதித் தருகிறவன்தான்.
கெட்டதைக் கெட்டது என்று
லெட்டர்பேடில், சீல் குத்தி.
பதினெட்டு வருஷத்தில்
வந்ததை வரவில்லை என்று சொன்னதில்லை.
அப்படிச் சொல்லச் சொல்லி
இதுவரை யாரும் கேட்டதும் இல்லை.

"முதல்ல டீ குடிங்க" என்றேன்.
எனக்கு நேரம் வேண்டியிருந்தது.

ஒரு பென்டிரைவில் பதினாலு.
ஒன்றில் எல்லாம்.
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
லெட்டர்பேடில் தேதி மட்டும் எழுதினேன்,
அதற்குக் கீழே பேனா போகவில்லை.

அப்போது பாலத்தில் சத்தம் கேட்டது.
பழைய டிஸ்க்கைக் கழற்றி எப்போதோ டிராயரில் போட்டாயிற்று,
இனி ஆடினால் கெட என்ன இருக்கிறது.
இருந்தும் என் கைகள் மேசைக்குப் போயின.
எதிர்ப்பக்கத்தை
அவர் பிடித்துக்கொண்டார்.